ரவி வர்மா அச்சுப்படம், பால்கேயின் மௌனப்படம், வீணைக் கச்சேரி: மூன்றையும் ஒரே கூடத்தில் நடத்த முழுமையான வழிகாட்டி

ஓவியக்கூடத்தில் இசையையும் சினிமாவையும் சேர்த்து ஒரு மாலை நடத்தப் போகிறவர்களுக்கு முதல் தலைவலி வெளிச்சம். ஓவியத்துக்கு வெளிச்சம் வேண்டும், படத்துக்கு இருட்டு வேண்டும், வித்வானுக்கு விரல் தெரிகிற அளவாவது வேண்டும். மூன்றையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டால் மூன்றும் அரைகுறையாகும். ஆகவே எந்த நேரத்திலும் ஒரு கலைதான் முன்னால் நிற்க வேண்டும், மற்ற இரண்டும் ஒதுங்கி வழிவிட வேண்டும். கீழே சொல்லும் அளவுகள், கணக்குகள் எல்லாம் இந்த ஒரு முடிவிலிருந்து வருபவை.

என்னென்ன சேர்ப்பது

பொருத்தம் கருப்பொருளில் மட்டும் இருந்தால் போதாது. படைப்புகளுக்கு இடையே வரலாற்றுத் தொடர்பு இருந்தால் பார்வையாளருக்கு விளக்கவுரையே தேவைப்படாது. அப்படி ஒரு நல்ல சேர்க்கை: ரவி வர்மா (1848–1906) ஓவியங்களின் வண்ண அச்சுப்படங்கள், தாதாசாகேப் பால்கேயின் 'காளிய மர்தன்' (1919) என்ற மௌனப்படம், கர்நாடக இசை. அந்தப் படம் கிருஷ்ணன் காளியன் என்ற பாம்பை அடக்கும் கதை. ரவி வர்மாவின் அச்சகம் 1894இல் மும்பையில் தொடங்கி, பிறகு லோனாவாலா பக்கம் போனது. சினிமாவுக்கு வருமுன் பால்கே வேலை பார்த்த இடங்களில் அந்த அச்சகமும் ஒன்று. சுவரில் தொங்கும் சாமி படத்துக்கும் திரையில் வரும் கிருஷ்ணனுக்கும் உள்ள உறவு அங்கே தொடங்குகிறது. கிருஷ்ணனாக நடித்தது பால்கேயின் சிறுமகள் மந்தாகினி. காளியன்மேல் கிருஷ்ணன் ஆடும் காளிங்க நர்த்தனமோ நம் கச்சேரி மேடைக்கும் நாட்டிய மேடைக்கும் நன்றாகப் பழகிய விஷயம்.

இங்கே தரும் கணக்குகள் 40 அடி நீளம், 26 அடி அகலம், 13 அடி உயரக் கூடத்துக்கும் 60 பார்வையாளருக்கும் ஆனவை. உங்கள் கூடம் வேறு அளவென்றால் எண்களை மாற்றிக்கொள்ளுங்கள், வழிமுறை அதேதான்.

அனுமதி

இந்தியாவில் திரைப்படத்தின் காப்புரிமை வெளியானதிலிருந்து 60 ஆண்டு, ஓவியத்தின் காப்புரிமை ஓவியர் மறைவிலிருந்து 60 ஆண்டு. இரண்டுமே இங்கே எப்போதோ முடிந்துவிட்டன. ஆனால் உங்கள் கைக்கு வரும் டிஜிட்டல் பிரதி ஒரு காப்பகத்தின் உடைமை. அவர்கள் போடும் நிபந்தனை உங்களைக் கட்டும். புனேயில் உள்ள தேசியத் திரைப்படக் காப்பகத்துக்கு இரண்டு மாதம் முன்பே எழுதுங்கள். கடிதத்தில் தேதி, இடம், இருக்கை எண்ணிக்கை, நுழைவுக்கட்டணம் உண்டா இல்லையா, நேரடி இசை சேர்ப்பது, நிகழ்ச்சியைப் பதிவு செய்வது எல்லாம் இருக்க வேண்டும். பொதுத் திரையிடலுக்கான சான்றிதழ் நிலையையும் அதே கடிதத்தில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

இசையில் மும்மூர்த்திகள், ஊத்துக்காடு வேங்கட கவி போன்றோரின் பாடல்களுக்குத் தடையில்லை. 20ஆம் நூற்றாண்டு வர்ணங்கள், தில்லானாக்கள் அப்படியல்ல. வயலின் வித்வான் லால்குடி ஜெயராமன் மறைந்தது 2013இல், ஆகவே அவருடைய உருப்படிகளுக்கு உரிமை உயிரோடு இருக்கிறது. கலைஞர்களுடன் போடும் ஒப்பந்தத்தில் மேடைக்கு ஒரு வரி, வீடியோ பதிவுக்குத் தனியாக ஒரு வரி இருக்கட்டும். நிகழ்ச்சி முடிந்தபின் சண்டை வருவது பெரும்பாலும் அந்த இரண்டாவது வரியில்தான்.

படத்தின் வேகம்

இசைக்குழுவிடம் படத்தைக் கொடுக்கும் முன்பு முடிக்க வேண்டிய வேலை இது. மௌனப்படக் காலத்தில் கேமராவைக் கையால் சுற்றினார்கள். விநாடிக்கு 16 முதல் 18 பிரேம் என்பது அன்று சாதாரணம். இன்றைய கருவிகள் 24 பிரேமில் ஓடுபவை. பழைய படத்தைப் பிரேமுக்குப் பிரேம் அப்படியே மாற்றியிருந்தால் 16 பிரேமில் எடுத்த காட்சி ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடும். ஆட்கள் குடுகுடுவென்று நடப்பது நகைச்சுவைக்காகச் செய்தது என்று பலர் நினைப்பதும் இதனால்தான்.

உங்கள் பிரதி எப்படிப்பட்டது என்று கண்டுபிடிக்க, யாராவது நடக்கிற அல்லது தண்ணீர் தெறிக்கிற காட்சியைப் பாருங்கள். தண்ணீர் பொய் சொல்லாது. வேகம் அதிகமென்று தெரிந்தால் எடிட்டிங் மென்பொருளில் 67 முதல் 75 சதவீதத்துக்குள் குறைத்து, புதிய கோப்பாகவே எடுத்து வையுங்கள். பிளேயரில் அந்த நேரத்தில் வேகத்தைக் குறைக்கும் வழி வேண்டாம், நிகழ்ச்சியன்று யாராவது ஒருவர் அதை மறப்பார். 20 நிமிடக் காட்சி இந்த மாற்றத்தில் 27 முதல் 30 நிமிடம் வரை நீளும். இசைக்குழு ஒத்திகை பார்த்தபிறகு வேகத்தை மாற்றினால் அவர்களுடைய கணக்கெல்லாம் குப்பைக்குப் போகும்.

அந்தக் கோப்பிலேயே இன்னும் நான்கு வேலைகள். முன்னால் 10 விநாடி கறுப்பு, பின்னால் ஒரு முழு நிமிடம் கறுப்பு சேருங்கள். இல்லாவிட்டால் காளியன் அடங்கிய மறுநொடி உங்கள் கணினியின் டெஸ்க்டாப் திரையில் தோன்றும். ஏற்கெனவே ஏதாவது பின்னணி இசை ஒட்டியிருந்தால் அந்த ஒலித்தடத்தையே நீக்குங்கள், சத்தத்தை மட்டும் குறைத்து வைப்பது போதாது. இடையில் வரும் எழுத்து அட்டைகளுக்குத் தமிழ் வரிகள் சேருங்கள். நிதானமாக இரண்டு முறை படிக்க எவ்வளவு நேரம் ஆகிறதோ அவ்வளவு நேரம் அட்டை நிற்கிறதா என்றும் பாருங்கள். கடைசியாக, ஒரே கோப்பை இரண்டு மடிக்கணினியிலும் ஒரு பென்டிரைவிலும் வையுங்கள்.

திரையும் புரொஜெக்டரும்

மௌனப்படத்தின் சட்டகம் 4:3. எனவே 8 அடி அகலம், 6 அடி உயரத் திரை போதும். இங்கே எல்லோரும் தவறுகிற கணக்கு ஒன்று உண்டு. இன்றைய புரொஜெக்டர்கள் 16:9. 6 அடி உயரம் வரவேண்டுமென்றால் புரொஜெக்டரின் முழுச் சட்டகம் 10 அடி 8 அங்குலம் அகலமாக விழ வேண்டும். இருபுறமும் மிஞ்சுவது கறுப்பு. தூரக் கணக்கை இந்த அகலத்தில் போடுங்கள். எறிவு விகிதம் (தூரத்தைப் படத்தின் அகலத்தால் வகுத்த எண்) 1.5 என்றால் தூரம் 16 அடி. 8 அடியை வைத்துக் கணக்கிட்டு 12 அடியில் கம்பி மாட்டியவர்கள் நிகழ்ச்சியன்று ஏணி தேடுவார்கள்.

வெளிச்சக் கணக்கும் இதே போலத்தான். 3,500 லூமென் (கருவி வெளியிடும் மொத்த ஒளி) புரொஜெக்டரில் 4:3 படத்துக்குக் கிடைப்பது முக்கால் பங்கு, அதாவது 2,625. திரையின் பரப்பு 4.46 சதுர மீட்டர். வகுத்தால் திரையில் ஏறக்குறைய 590 லக்ஸ் (ஒரு சதுர மீட்டரில் விழும் ஒளி). இருட்டிய திரையரங்கின் தர அளவுக்கு வெள்ளைத் திரையில் 150 லக்ஸ் போதும். ஆகவே தயங்காமல் சிக்கன முறையில் ஓட்டுங்கள். முக்கிய லாபம் வெளிச்சத்தில் இல்லை, விசிறிச் சத்தத்தில்தான்: 16 அடி தூரம் என்றால் புரொஜெக்டர் சபையின் தலைக்கு மேல் தொங்குகிறது, முழு வேகத்தில் சுழலும் விசிறி தம்புராவை விழுங்கிவிடும்.

திரையின் கீழ்விளிம்பு தரையிலிருந்து 4 அடியில் இருக்கட்டும், இல்லாவிட்டால் நாற்காலியில் இருப்பவரின் தலை தமிழ் வரிகளை மறைக்கும். முன்வரிசை திரையிலிருந்து 9 அடிக்குக் குறையக் கூடாது. புரொஜெக்டரைப் படத்தின் மேல்விளிம்பு உயரத்தில் மாட்டினால் சாய்வுத் திருத்தம் தேவைப்படாது. அந்தத் திருத்தம் படத்தை நீட்டி அமுக்கி மங்கலாக்கும்.

மேடை எந்தப் பக்கம்

திரைக்கு முன்னால் கலைஞர்களை உட்கார வைத்தால் அவர்கள் நிழல் காளியன்மேல் விழும். மேடை திரைக்குப் பக்கவாட்டில்தான். 10 அடிக்கு 8 அடி, உயரம் 1 அடி. 26 அடிச் சுவரில் திரை 8, மேடை 10 போக 8 அடி மிச்சம்.

சபைக்கு இடப்பக்கமா வலப்பக்கமா? இடப்பக்கம். வழக்கமான கச்சேரி அமைப்பில் மிருதங்க வித்வான் சபைக்கு இடப்புறம் உட்கார்ந்து, வலந்தலை (வலக்கை வாசிக்கும் பக்கம்) சபையைப் பார்க்க, நடுக்கலைஞரை நோக்கியிருப்பார். மேடை திரைக்கு இடப்பக்கம் இருந்து, சுவரிலிருந்து 4 அடி முன்னால் தள்ளியும் இருந்தால், அவர் தலையை லேசாகத் திருப்பினாலே திரை தெரியும். வலப்பக்கம் வைத்தால் திரை அவர் முதுகுக்குப் பின்னால் போய்விடும். காட்சி முடிவில் தீர்மானத்தை (முடிப்புச் சொற்கட்டை) இறக்க வேண்டியவர் அவர்தான், அவருக்குத்தான் திரை முதலில் தெரிய வேண்டும். வயலின் இருந்தால் அவர் எதிர்ப்பக்கம் பார்த்திருப்பார். அவருக்கும் வீணைக் கலைஞருக்கும் சேர்த்து, மேடையின் முன்விளிம்பில் கீழே படுக்க வைத்த 15 அங்குலத் திரை ஒன்று, வெளிச்சம் பாதியாகக் குறைத்து.

ஓவியச் சுவர்

எண்ணெய் வண்ணத்துக்கு 150 முதல் 200 லக்ஸ் வரை தாங்கும். காகிதத்தில் இருக்கும் எதற்கும் 50 லக்ஸ்தான் எல்லை, ரவி வர்மா அச்சுப்படம் காகிதம். செல்போன் செயலியை நம்பாமல் லக்ஸ் மீட்டர் வாடகைக்கு எடுங்கள். இதில் வில்லன் பெரும்பாலும் வீடியோகிராபர். அவர் கொண்டுவரும் விளக்கு படத்தின்மேல் 1,000 லக்ஸ் போட்டால் மூன்று மணி நேரத்தில் 3,000 லக்ஸ்-மணி. 50 லக்ஸில் நாளுக்கு எட்டு மணி நேரமென்று ஏழரை நாள் காட்சிக்கு வைத்தால் ஆகிற சேதம் அது. அந்த விளக்கைச் சுவர்ப்பக்கம் திருப்பக் கூடாதென்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள். பளிச்சென்று மின்னும் ப்ளாஷும் வேண்டாம்.

படங்களின் நடுப்பகுதி தரையிலிருந்து 58 அங்குலம். சட்டகத்துக்கும் நடைவழிக்கும் 3 அடி இடைவெளி. மறந்துவிடும் ஒரு சின்ன விஷயம்: ஒவ்வொரு சட்டகத்தின் பின்பக்கக் கீழ்மூலைகளிலும் ரப்பர் பொட்டு ஒட்டுங்கள். மிருதங்கத்தின் தொப்பி (இடக்கைப் பக்கம்) அதிரும்போது தளர்வாகத் தொங்கும் கண்ணாடிச் சட்டகம் சுவரில் கிர்ரென்று பாடும். நாலு சட்டகம் சேர்ந்து பாடினால் எங்கிருந்து வருகிறதென்று யாருக்கும் பிடிபடாது, ஒலிக்காரர்தான் திட்டு வாங்குவார்.

குத்துவிளக்கு ஏற்றுவதை வரவேற்பறையோடு முடித்துக்கொள்ளுங்கள். எண்ணெய்ப் புகையும் கரியும் காகிதத்துக்கு ஆகாது. பூமாலைகளிலும் பூச்சி வரும். பொன்னாடை போர்த்தும் படலத்தைப் படத்துக்கும் கச்சேரிக்கும் நடுவே செருகினால் அதுவரை கட்டிய மனநிலை அத்தனையும் போச்சு, கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.

கூடத்தின் எதிரொலி

ஓவியக்கூடங்கள் கண்ணுக்காகக் கட்டியவை: வழவழப்பான சுவர், கல் தரை, வெற்றுக் கூரை. மேலே சொன்ன அளவுள்ள கூடம் காலியாக இருக்கும்போது எதிரொலி அடங்க மூன்றரை விநாடி வரை ஆகும். 60 பேர் உட்கார்ந்ததும் அதே கூடத்தில் அது ஒன்றரை விநாடிக்குக் கொஞ்சம் கீழே இறங்கும். காலிக் கூடத்து ஒத்திகையில் மிருதங்கச் சொற்கள் குழம்பிக் கேட்டால் பதற வேண்டியதில்லை என்பதற்காகவே இந்தக் கணக்கு. ஆனால் 60க்குப் பதில் 25 பேர் வந்தால் பாதிக் குழப்பம் மிஞ்சும். பவானி ஜமக்காளங்களைத் தரையில் விரித்து, படம் இல்லாத பின்சுவரில் கனத்த திரைச்சீலையைக் கொசுவம் வைத்துத் தொங்கவிடுங்கள். தட்டையாகத் தொங்கும் துணி அவ்வளவு உறிஞ்சாது.

இந்தக் கூடத்தில் மிருதங்கத்துக்கும் வயலினுக்கும் மைக் வேண்டவே வேண்டாம். வீணைக்கு மட்டும், அதுவும் பிக்கப் (வாத்தியத்தில் ஒட்டும் ஒலி உணரி) வழியாக, இரண்டு சிறு ஒலிபெருக்கி. வீணைக்கும் மிருதங்கத்துக்கும் மைக் வைத்து இரண்டையும் ஏற்றிக்கொண்டே போவதுதான் பெரும்பாலான கூடங்களில் நடப்பது. கடைசியில் கேட்பது எதிரொலிதான். பிக்கப்பில் ம்ம் என்று இரைச்சல் வந்தால் புரொஜெக்டரும் ஒலிக்கருவியும் வெவ்வேறு மின்சுற்றில் இருக்கலாம், அல்லது விளக்கு வெளிச்சத்தைக் குறைக்கும் டிம்மர் ஒலியோடு ஒரே சுற்றில் இருக்கலாம். புரொஜெக்டரும் ஒலியும் ஒரே சுற்றில், டிம்மர் தனிச் சுற்றில் என்று மாற்றிப் பாருங்கள். அப்படியும் போகாவிட்டால் டிஐ பெட்டியில் (பிக்கப்பை ஒலிக்கருவியோடு இணைக்கும் சிறு பெட்டி) தரைத் தொடர்பை விடுவிக்கும் பொத்தானை அழுத்துங்கள்.

வாத்தியமும் ஏசியும்

நிகழ்ச்சிக்கு இரண்டு மணி நேரம் முன்பே ஏசியை 24 டிகிரியில் போட்டு, அதன்பிறகு யாரும் ரிமோட்டைத் தொடாதபடி எடுத்து வையுங்கள். வாத்தியங்கள் குறைந்தது முக்கால் மணி நேரம் அதே காற்றில் இருக்க வேண்டும். வெளியே புழுக்கத்திலிருந்து வந்த மிருதங்கத்தின் தோல் ஏசியில் காய்ந்து சுருதி ஏறும். தொப்பியில் ஒட்டிய ரவை உலர்ந்து நாதம் மெலியும். ஆகவே படம் தொடங்கும் முன் வித்வானுக்கு இரண்டு நிமிடமும் ஒரு கிண்ணம் தண்ணீரும் கொடுங்கள். கல்லும் புள்ளும் (மரக்குச்சியும்) வைத்துத் தட்டிச் சுருதி சேர்ப்பது விளக்கு எரியும்போதே முடியட்டும்.

வீணையின் மெட்டுகள் (தந்திக்கடியில் உள்ள உலோகக் கம்பிகள்) மெழுகில் பதிந்தவை. பழைய ஆலஜன் விளக்கை மேடைக்கு நேர்மேலே அரை மணி நேரம் எரித்தால் மெழுகு இளகி மெட்டு நகரும் ஆபத்து உண்டு. எல்ஈடி மட்டும் பயன்படுத்துங்கள், மஞ்சள் நிறத்தில், கலைஞரின் மடியில் மட்டும் விழும்படி, திரைப்பக்கம் மறைப்பு வைத்து.

படத்துக்கு இசை அமைப்பது

இந்தக் காட்சிக்கு இந்த ராகம் என்று ஒட்டிக்கொண்டே போவது சுலபம்: சோகத்துக்குச் சுபபந்துவராளி, வீரத்துக்கு அடாணா, தாலாட்டுக்கு நீலாம்பரி. சினிமா பாதி நூற்றாண்டாகச் செய்து சலித்த வேலை அது. 30 நிமிடத்துக்கு மூன்று ராகம் தாராளம். காட்சி மாறும்போது ராகத்தை மாற்றாமல் நடையையோ வேகத்தையோ மாற்றினால் போதும். குழந்தை கண்ணை உருட்டும்போதெல்லாம் வாத்தியமும் உருட்ட வேண்டியதில்லை.

'காளிய மர்தன்' தொடக்கத்தில் கதையே இல்லை. மந்தாகினியின் முகபாவங்கள் மட்டும் நெருக்கத்தில் வரும். இங்கே தாளம் கூடாது. ஒரே ராகத்தில் ஆலாபனை, ஒவ்வொரு பாவத்துக்கும் ஒரு ஸ்வரத்தில் நின்றுவிட்டு நகர்வது, அவ்வளவுதான். கிராமத்துக் குறும்புகளுக்கு வீணையில் தானம்: துடிப்பு இருக்கும், ஆனால் தாளக்கட்டு இல்லாததால் காட்சி எங்கே வெட்டினாலும் பிடித்துக்கொள்ளலாம். ஆற்றுக்குள் பாம்போடு போராடும் இடத்தில்தான் மிருதங்கம் முழுதாக உள்ளே வர வேண்டும். அதுவரை கையைக் கட்டிக்கொண்டிருக்கச் சொல்வது வித்வானுக்குக் கஷ்டம்தான், ஆனால் அந்த நுழைவின் பலம் அந்தக் காத்திருப்பில் இருக்கிறது.

தாளம் வந்ததும் கணக்கு வரும். ஆதி தாளத்துக்கு 8 அட்சரம் (எண்ணிக்கை). நிமிடத்துக்கு 60 அட்சரம் என்றால் ஓர் ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு சுற்று) 8 விநாடி. 2 நிமிடம் 40 விநாடிக் காட்சி சரியாக 20 ஆவர்த்தனம். காகிதத்தில் அழகாக இருக்கும். மேடையில் உற்சாகம் ஏறிக் காலப்பிரமாணம் (வேகம்) 66க்குப் போனால் அதே 20 ஆவர்த்தனம் 145 விநாடியில் முடிந்துவிடும், இன்னும் 15 விநாடிக்குத் திரையில் பாம்பு நெளிந்துகொண்டிருக்கும். எனவே ஆவர்த்தனத்தை முன்னாலிருந்து எண்ணாதீர்கள், பின்னாலிருந்து எண்ணுங்கள். முடிவுக் கோர்வை (கணக்காகக் கட்டிய முடிப்பு) மூன்று ஆவர்த்தனம், 24 விநாடி என்று வைத்துக்கொள்வோம். காட்சி முடிய 24 விநாடி இருக்கும்போது திரையில் என்ன தெரிகிறது என்று பார்த்து, அந்தப் பிம்பத்தைச் சைகையாகக் குறித்துக்கொள்ளுங்கள். அது வரும்வரை சர்வலகுவிலோ (எளிய தொடர் நடையிலோ) ஸ்வரத்திலோ எவ்வளவு சுற்றினாலும் சரி. சைகை வந்ததும் அடுத்த சமத்தில் (ஆவர்த்தனத்தின் முதல் அட்சரத்தில்) கோர்வை தொடங்க வேண்டும். சமத்துக்குக் காத்திருப்பதில் அதிகபட்சம் ஓர் ஆவர்த்தனம் நழுவும் என்பதால் சைகையை 28 விநாடியில் வைத்தால் பிழை இருபக்கமும் நாலு விநாடிக்குள் அடங்கும்.

குறிப்புத்தாளில் நான்கு பத்தி போதும்: நேரம், திரையில் தெரிவது, ராகமும் தாளமும், யார் தொடங்குவது. எழுத்து பெரிதாக, கறுப்புத் தாளில் வெள்ளையாக இருந்தால் விளக்கொளியில் கண் கூசாது.

ஊத்துக்காடு வேங்கட கவியின் கம்பீரநாட்டைக் காளிங்க நர்த்தனத் தில்லானாவைப் படத்தின்மேல் போட ஆசை வரும். வேண்டாம். தெரிந்த பாட்டு வந்ததும் சபை பாட்டுக்குப் போய்விடும், கண் திரையில் இருந்தாலும் மனசு இருக்காது. படம் முடிந்தபின் அதைத் தனியாக வாசித்தால் இரண்டுக்கும் மரியாதை.

மாலையின் ஓட்டம்

6.00 மணி: கதவு திறப்பு. ஓவியங்கள் 50 லக்ஸில், தம்புரா மட்டும் மெல்ல. 6.40: அமர்தல், மூன்று நிமிட அறிமுகம், அதற்கு மேல் யாருக்கும் மைக் இல்லை. 6.45: படமில்லாமல் ஓர் உருப்படி. இதற்குள் கூடத்து விளக்கை மூன்று படியாக இறக்குங்கள். கண் இருட்டுக்குப் பழகும் நேரம் இதில் கிடைத்துவிடும், ஒரேயடியாக அணைத்தால் படத்தின் முதல் நிமிடங்கள் சாம்பலாகத் தெரியும். 7.00: படம். வெளியேறும் வழி விளக்கு மட்டும் எரியட்டும், அதை அணைக்கவே கூடாது. 7.30: கறுப்பு ஓடும் அந்த ஒரு நிமிடத்தில் மேடை விளக்கு ஏற, தில்லானா. 7.45: ஓவிய விளக்குகள் மறுபடி. இந்த இரண்டாவது சுற்றை வெட்டிவிடாதீர்கள். படத்தைப் பார்த்தபின் அதே அச்சுப்படங்களின் முன் ஆட்கள் முன்பைவிட அதிக நேரம் நிற்பார்கள்.

ஒத்திகை மூன்று. முதலாவது எங்கேயாவது, மடிக்கணினியில், சரியான வேகக் கோப்போடு. இரண்டாவது கூடத்தில், வெளிச்சத்தில். மூன்றாவது நிகழ்ச்சி நேரத்திலேயே, இருட்டில், நிறுத்தாமல். மூன்றாவதில்தான் 10 மீட்டருக்கு மேல் நீளமான சாதாரண எச்டிஎம்ஐ கேபிள் படத்தை விட்டு விட்டுக் காட்டுவதும், தம்புராச் செயலி ஓடும் போனில் அழைப்பு வருவதும் தெரியவரும். மின்வெட்டுக்கு ஜெனரேட்டரை மட்டும் நம்பக் கூடாது. மாறும் அந்தச் சில விநாடியில் புரொஜெக்டர் அணைந்தால், விளக்குவகைக் கருவி ஆறி மறுபடி எரிய நிமிடங்கள் ஆகும். புரொஜெக்டர், கணினி இரண்டுக்கும் ஒரு கேவிஏ யூபிஎஸ் போட்டுவிட்டால் அந்த இடைவெளி தெரியாது. மீறி நின்றாலும் இசைக்குழு நிறுத்தக் கூடாதென்று முன்பே பேசி வையுங்கள்.

அன்று இரவே மேடையடியில் சிந்திய ரவையைப் பெருக்கி ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். காலையில் எறும்பு வந்துவிடும், எறும்புக்குப் பின்னால் காகிதம் தின்னும் பூச்சியும் வரலாம். ரப்பர் பொட்டுகளை எடுக்க வேண்டாம், கண்காட்சி முடியும்வரை இருக்கட்டும். காப்பகம் கொடுத்த கோப்பையும் வேகம் மாற்றிய பிரதியையும் ஒப்பந்தத்தில் சொன்ன நாளுக்குள் அழித்து, அழித்ததாக ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். அடுத்த முறை பிரதி கேட்கும்போது அந்த மின்னஞ்சல் உதவும்.